மைப்படியின் முதுகு

அருங்காட்சியகத்தின் கல்வெட்டுக் கூடத்தில் நாற்பத்து மூன்று கற்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஐந்து வருஷமாக ஒருத்தியோடு ஒருத்தி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நடமாடிய இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டால் நாற்பத்தைந்து. கற்களாவது படிக்கத் தெரிந்தவர்களிடம் எதையாவது சொல்லும்.

ஒருத்தி மைக்காரம்மா. கல்லில் ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் இறக்கி, மேலே மைப்பந்தால் ஒற்றுவது அவள் வேலை. காகிதம் காய்ந்ததும் உரித்து எடுத்தால், கறுப்புக்கு நடுவே எழுத்தெல்லாம் வெள்ளையாக நிற்கும். இதற்கு மைப்படி என்று பெயர். அவள் எடுக்கும் படியைப் போல வேறு எவர் கையிலும் வராது என்று வெளியூர்ப் பேராசிரியர்கள்கூடச் சொல்வார்கள். அதைத் தன் வாயாலும் அவள் அடிக்கடி சொல்வாள்.

மற்றவள் வேதியியல் பிரிவின் அதிகாரி. கற்களில் பூத்த உப்பைக் கழுவுவதும், விரிசலை ஒட்டுவதும் அவள் பொறுப்பு. அலுவலகத்தில் அவளுக்கு மேடம் என்று பெயர். மைக்காரம்மா வைத்த பெயர் அமிலம். உறவு முறையில் அவள் மைக்காரம்மாவின் நாத்தனார், புருஷனின் ஒரே தங்கை. அவளும் சும்மா இல்லை, அண்ணிக்குக் கரிக்கை என்று பெயர் வைத்திருந்தாள்.

ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தங்கை. நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷனின் பாடு சொல்லி மாளாது. "அமிலத்துக்கிட்டச் சொல்லுங்க, மாடிக் குழாய் சொட்டி என் துணியெல்லாம் நனையுது" என்று மனைவி சொல்வாள். அவர் படியேறிப் போய்ச் சொல்வார். "கரிக்கைகிட்டச் சொல்லுங்கண்ணா, கொடிய ரெண்டடி தள்ளிக் கட்டினா நனையாது" என்று பதில் வரும். அவர் படியிறங்கி வந்து சொல்வார். முட்டி வலி என்று டாக்டரிடம் போனபோது, வீட்டில் படி அதிகமா என்று கேட்டாராம் டாக்டர். படி குறைவுதான், பொம்பளைங்கதான் ரெண்டு என்றாராம் இவர்.

பகை தொடங்கியது ஒரு அறிக்கையில். மைப்படி எடுப்பதால் கற்களுக்குச் சேதம் வருகிறது, இனிப் புகைப்படமே போதும், மைப்படிப் பிரிவை மூடிவிடலாம் என்று நாத்தனார் எழுதினாள். எழுதியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கூடத்துக்குக் கூரை மாற்றுவதற்காகக் கற்களையெல்லாம் பின் முற்றத்தில் வைத்திருந்த சமயம் அது. மைக்காரம்மா பதினேழாம் கல்லில் படி எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து, வேலையாட்கள் நாலு பேர் முன்னால், "எங்க அண்ணன் வீட்டையும் கரியாக்கினது போதாதா, இங்கயும் வந்து எல்லாத்தையும் கரியாக்கணுமா?" என்று கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது மைக்காரம்மாவுக்கு. பதிலுக்கு அவளும் விட்டுவைக்கவில்லை. அன்றைக்கு அறுந்த பேச்சு அதன் பிறகு ஒட்டவேயில்லை.

அறிக்கையை இயக்குநர் மேசை இழுப்பறையில் போட்டு மூடிவைத்தார். இரண்டு பெண்களில் யாரைப் பகைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் ஐந்து வருஷமும் மைக்காரம்மா தினமும் தன் வேலை போய்விடுமோ என்ற பயத்தோடுதான் கூடத்துக்குள் நுழைந்தாள். மூடினால் அவளை நுழைவுச்சீட்டு கிழிக்கும் கூண்டில் உட்காரவைப்பார்கள். அதற்குச் செத்துப்போகலாம் என்று அவள் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள்.

பாதிப் பாதியாக மாற்றிய கூரை வேலை ஐந்து வருஷம் இழுத்து இப்போதுதான் முடிந்தது. அதுவரை பெட்டிகளில் ஆணியடித்து வைத்திருந்த கடைசிக் கற்களை வெளியே எடுத்தார்கள். பதினேழாம் கல்லைப் பார்த்ததும் இயக்குநர் பட்டியலை எடுத்துவரச் சொன்னார். ஒன்பது வரிக் கல் அது. வாய்க்கால் தண்ணீருக்காக இரண்டு தெருக்காரர்கள் போட்ட சண்டையையும் அதற்குச் சபை சொன்ன தீர்ப்பையும் வெட்டிவைத்த கல். பழைய பட்டியலில் இருந்த சின்னப் புகைப்படத்தில், எழுத்தை வாசிக்க முடியாவிட்டாலும், ஒன்பது வரியும் இருந்தன. இப்போது ஆறாவது வரியும் ஏழாவது வரியும் இல்லை. அந்த இடத்தில் தோல் உரிந்த மாதிரி வழுவழுவென்று ஒரு பட்டை.

"சண்டை முழுசா இருக்கு. தீர்ப்புதான் போச்சு" என்றார் இயக்குநர். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கல் பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாகப் போன இடம் வேதியியல் பிரிவு. கழுவியது நாத்தனார். கழுவுமுன் புகைப்படம் எடுத்துவைக்க வேண்டும் என்பது விதி. அந்த வாரம் கேமரா பழுதுக்குப் போயிருந்ததால் அவள் எடுக்கவில்லை. "நான் கழுவறப்பவே அந்த இடம் உரிஞ்சுதான் இருந்தது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கல்லில் இருந்த பழங்கால எழுத்தை அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் வரி குறைவதும் அன்றைக்குத் தெரியவில்லை. யார் நம்புவார்கள்? தலைமையகத்திலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார் என்றும், மேடத்தின் வேலை போனாலும் போகலாம் என்றும் கூடம் முழுக்கப் பேச்சு.

செய்தி காதில் விழுந்ததும் மைக்காரம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. கல் கழுவப் போவதற்கு முந்தின நாள்தானே அவள் அதில் படி எடுத்தாள்? அந்தச் சுருள் அவளுடைய இரும்பு அலமாரியில் பத்திரமாக இருந்தது. ஆறாவது வரியும் ஏழாவது வரியும் முந்தின நாள் இருந்தன என்று காட்டிவிட்டால் முடிந்தது கதை. அமிலம் ஒழியும். அவள் எழுதிய அறிக்கையும் குப்பைக்குப் போகும்.

அலமாரியைத் திறந்து சுருளைத் தூக்கினாள். ஈர மை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று, படியின் பின்பக்கத்தில் அன்றைய செய்தித்தாளை வைத்துச் சேர்த்துச் சுருட்டுவது அவள் வழக்கம். விரித்து மைப்பக்கத்தை மட்டும் பார்த்தாள். ஒரு புள்ளி குறையாமல் ஒன்பது வரியும் இருந்தன. அலமாரித் தட்டில் நறநறவென்று கொஞ்சம் மண் கிடந்தது. கூரை வேலைத் தூசி என்று கையால் தட்டிவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"என் தங்கச்சிம்மா அவ" என்றார் அவர்.

"எனக்கும் அது தெரியும். என்னை அந்தக் கூண்டுல உக்கார வைக்கப் பாத்தாளே, அப்ப நான் உங்க பொண்டாட்டின்னு அவளுக்குத் தெரியலியா?"

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

விசாரணை கூடத்திலேயே நடந்தது. பதினேழாம் கல்லுக்கு எதிரே ஒரு மேசை. விசாரணை அதிகாரி வயதானவர். கல் தூசி ஒத்துக்கொள்ளாமல் நிமிஷத்துக்கு ஒருமுறை தும்மினார். அவர் பக்கத்தில் இயக்குநர். ஓரமாக நாத்தனார், கழுவிய வெள்ளைக் கோட்டில். மூன்று நாளாகத் தூங்காத கண்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. மைக்காரம்மாவுக்கு இரக்கம் வரவில்லை. நல்லா வேணும் என்றுதான் தோன்றியது.

அவள் சுருளைக் கொண்டுவந்து பலகையில் மாட்டினாள். கீழ்நோக்கி விரிய விரிய ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஆறாவது வரி வந்ததும் இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு காகிதத்தில் படும் அளவுக்குக் குனிந்து வாசித்தார்.

"ரெண்டு தெருவும் குத்தம் செஞ்சது. ரெண்டு தெருவுக்கும் தண்டம். ரெண்டும் சேர்ந்து வாய்க்காலைத் தூர் வாரணும்" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "இதான் சார் அந்தத் தீர்ப்பு. அச்சடிச்ச மாதிரி இருக்கு."

"இது என்னைக்கு எடுத்ததுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அதிகாரி.

இந்தக் கேள்விக்காகத்தான் மைக்காரம்மா காத்திருந்தாள். "பின்னாடி அன்னைக்குப் பேப்பர வெச்சே சுருட்டியிருக்கேன் சார். தேதியப் பாருங்க. அதுக்கு அடுத்த நாள்தான் கல்லு கழுவப் போச்சு. முந்தின நாள் இருந்த எழுத்து, கழுவினதும் எங்க போகும்? கேக்க வேண்டியவங்களக் கேளுங்க."

நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி தேதியைக் குறித்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பேப்பரத் தனியா எடுங்க. கோப்புல வைக்கணும்" என்றார்.

மைக்காரம்மா பலகையிலிருந்து படியைக் கழற்றி மேசையில் குப்புறப் போட்டு, செய்தித்தாளின் ஓரத்தை இழுத்தாள். மேல் பாதி வந்தது. கீழே வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் அழுத்தி இழுத்ததும் காகிதம் கிழிந்தது. மேசையில் பொலபொலவென்று ஏதோ உதிர்ந்தது.

எல்லோரும் குனிந்தார்கள். படியின் முதுகில், ஆறாவது வரிக்கும் ஏழாவது வரிக்கும் நேராக, சாம்பல் நிறத்தில் ஒரு பொருக்கு அப்பிக்கொண்டிருந்தது. விரல் நகம் அளவிலும் அதைவிடச் சின்னதாகவும் கல் செதில்கள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் அதில் பாதி எழுத்து இருந்தது.

அதிகாரி தும்மலை அடக்கிக்கொண்டார்.

நாத்தனார்தான் முதலில் மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். செதிலைத் தொடவில்லை. கிழிந்த செய்தித்தாளைத் தொட்டுப் பார்த்தாள். "வெறும் தண்ணி போட்டு ஒட்டினா காய்ஞ்சதும் எதுவும் ஒட்டாது சார். இந்தப் பேப்பர் ஏன் ஒட்டியிருக்கு?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் தன் பிரிவுக்குப் போய் ஒரு சின்னப் புட்டியோடு திரும்பினாள். அயோடின். முதலில் மைக்காரம்மாவின் காகிதக் கட்டிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்து ஒரு சொட்டு விட்டாள். பழுப்பாகவே நின்றது. அப்புறம் படியின் முதுகில் ஒரு சொட்டு. கண்ணெதிரே அது கருநீலமாகப் பரவியது.

"கஞ்சி" என்றாள்.

அது மைக்காரம்மா இருபது வருஷமாக யாருக்கும் சொல்லாத ரகசியம். காற்றில் காகிதம் தூக்கிக்கொள்ளாமல் கல்லைக் கவ்விப் பிடிக்க, தண்ணீரில் ஒரு ஸ்பூன் கஞ்சி மாவு கலப்பாள், துணிக்குப் போடுகிற அதே மாவு. அவள் படியில் எழுத்து அவ்வளவு துல்லியமாக வந்ததே அதனால்தான். கெட்டிக் கற்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ந்ததும் ஓரத்திலிருந்து வெங்காயத் தோல் உரிக்கிற பதத்தில் மெல்ல மெல்ல எடுத்தால் போதும். ஆனால் பதினேழாம் கல் அடுக்கு அடுக்காக உரியும் மெத்துக் கல். அதுவும் அன்றைக்கு அவள் மெல்ல எடுக்கவில்லை. கரியாக்கணுமா என்று நாத்தனார் கேட்டதும், இருந்த ஆத்திரத்தில் பாதி காய்ந்த காகிதத்தை ஒரே இழுப்பாக இழுத்து, பின்பக்கம் பார்க்காமல், கல்லையும் பார்க்காமல், கையில் கிடைத்த செய்தித்தாளை வைத்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த இழுப்பு இப்போது அவள் கைக்கு நினைவு வந்தது. கை தானாக முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது.

"இவங்களக் கேளுங்க சார்" என்றாள் நாத்தனார். அதிகாரியிடம் சொன்னாலும் கண் அண்ணியின் மேல் இருந்தது. பிறகு ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக நேராகவே கேட்டாள். "அண்ணி, நீங்க கஞ்சி போட்டீங்களா?"

எந்தக் கஞ்சி என்று கேட்டிருக்கலாம். கூரை வேலைக்காரர்கள் மேல் பழியைப் போட்டிருக்கலாம். மைக்காரம்மாவின் வாய் வரைக்கும் வந்ததுதான். ஆனால் மேசையில் அந்தப் பாதி எழுத்துச் செதில் கிடந்தது. தன் கையால் ஒரு எழுத்துக்கும் சேதம் வந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்.

"நான்தான் போட்டேன்" என்றாள். "உரிச்சதும் நான்தான்."

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. மைப்படிப் பிரிவு மூடப்படுகிறது. மைக்காரம்மாவுக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நுழைவுச்சீட்டுக் கூண்டு. புகைப்படம் எடுக்காமல் கல்லைக் கழுவியதற்காக நாத்தனாருக்குக் கண்டனம், ஒரு வருஷம் பதவி உயர்வு கிடையாது. செதில்களைத் திரும்பக் கல்லில் ஒட்ட வேண்டும், அதை இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும். இயக்குநர் உத்தரவை வாசித்துவிட்டு, பதினேழாம் கல்லை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போய்விட்டார்.

நாத்தனாருக்குத்தான் பசையின் பக்குவம் தெரியும். ஆனால் எந்தச் செதில் எங்கே என்று அவளுக்குத் தெரியாது. மைக்காரம்மாவுக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்த எழுத்துக்கு எந்த வளைவு என்று அவள் கைக்குத் தெரியும். "இவங்க கை கல்லு மேல படக் கூடாது. வாயால சொன்னாப் போதும்" என்று நாத்தனார் இயக்குநரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தாள். கல்லைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் ஒரு கோடும் போட்டிருந்தாள். மைக்காரம்மா கோட்டுக்கு வெளியே ஸ்டூலில், மடியில் மைப்படியோடு உட்கார்ந்தாள். அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கூடத்திலேயே வாழ்ந்தவளைச் சின்னப் பிள்ளையைப் போலக் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டாள் அமிலம்.

மொத்தம் இருபத்து மூன்று செதில்கள். காலையிலிருந்து நாலு ஒட்டியாயிற்று. "ஆறாவது வரி, மூணாவது எழுத்து, வால் பக்கம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள் மைக்காரம்மா. நாத்தனார் இடுக்கியால் எடுத்து, பசை தொட்டு, வைத்து அழுத்துவாள். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். பசை இறுக ஐந்து நிமிஷம். இறுகிவிட்டால் கல்லை உடைக்காமல் எடுக்க முடியாது.

ஐந்தாவது செதிலை வைத்துவிட்டு நாத்தனார் நிமிர்ந்தாள். மைக்காரம்மா பார்த்தாள். செதிலின் விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஆனால் தலைகீழாக. கீழே இறங்க வேண்டிய வளைவு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. படிக்கத் தெரியாத கண்ணுக்கு அது தெரியாது.

மணி பதினொன்று பத்து.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பதினொன்று பதினைந்துக்குப் பசை இறுகிவிடும். அடுத்த வாரம் அதிகாரி வந்து பார்ப்பார், இயக்குநர் வாசிப்பார். தலைகீழாக ஒட்டியது யார் கை? வாயால சொன்னாப் போதும் என்று எழுதி வாங்கியது யார்? ஐந்து வருஷத்து ஆத்திரம் முழுக்க மைக்காரம்மாவின் பல்லுக்கு நடுவே வந்து நின்றது. நுழைவுச்சீட்டுக் கூண்டின் சின்ன ஓட்டை கண்ணில் வந்தது. கரிக்கை என்ற பெயர் காதில் கேட்டது. இருக்கட்டும். இவளும் அனுபவிக்கட்டும்.

பதினொன்று பன்னிரண்டு. நாத்தனார் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

மைக்காரம்மாவின் கண் கல்லை விட்டு நகரவில்லை. அந்த எழுத்தை அவள் விரல்கள் எத்தனையோ தடவை தடவியிருக்கின்றன. இனி அதைத் தொட அவளுக்கு உரிமை இல்லை. அது மட்டும் எத்தனை காலம் ஆனாலும் தலைகீழாகவே நிற்கும்.

பதினொன்று பதிமூன்று.

"தலைகீழா இருக்கு" என்றாள்.

நாத்தனாரின் இடுக்கி அந்தரத்தில் நின்றது. "எது?"

"இப்ப வெச்சது. வளைவு கீழ வரணும். சீக்கிரம் எடு."

நாத்தனார் இடுக்கியின் நுனியை நுழைத்து மெல்ல நெம்பினாள். செதில் விட்டுக்கொடுக்க மனசில்லாமல் வந்தது. பழைய பசையைத் துடைத்து, புதிதாகத் தொட்டு, திருப்பி வைத்தாள். இந்தத் தடவை வளைவு ஏழாவது வரியை நோக்கி ஒழுங்காக இறங்கியது.

"கல்லுக்காகத்தான் சொன்னேன்" என்றாள் மைக்காரம்மா. "உனக்காக இல்ல."

"தெரியும் அண்ணி. எனக்காகன்னா அஞ்சு நிமிஷம் கழிச்சுதான் சொல்லியிருப்பீங்க."

மைக்காரம்மா மடியில் இருந்த படியை நேராக்கிக்கொண்டாள். நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தாள், ஐந்து நிமிஷம் காத்திருந்தாள், ஆறாவது செதிலை இடுக்கியால் எடுத்து, வைப்பதற்கு முன்னால் கோட்டுக்கு வெளியே நீட்டிக் காட்டினாள்.